தையில அப்பாவோட பைக்கில கந்தப்பளை: உறைபனி நேரம் என்ன மாதிரிப் போறது?

வன்னிப்பொடியன்:

வணக்கம் எல்லாருக்கும், நான் வவுனியா. பொங்கல் முடிஞ்ச கையோட அப்பாவ பின்னால ஏத்திக்கொண்டு நுவரெலியா போய் அங்கயிருந்து கந்தப்பளை போகலாமெண்டு இருக்கிறன். அப்பா அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டமொண்டில பிறந்தவர். 1977இல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோட வன்னிக்கு வந்திட்டார், அப்ப அப்பாவுக்கு பத்து வயசு. அதுக்குப் பிறகு ரெண்டு தரம் செத்தவீட்டுக்குப் போய் வந்ததோட சரி. இப்ப கொஞ்ச வருசமா ஒரே கதை, தை மாசம் விடியக்காலம புல்லெல்லாம் வெள்ளையாக் கிடக்கும், வெறுங்காலோட மிதிச்சா நொறுங்கும், அத இன்னொருக்காப் பாக்கவேணும் எண்டு. பஸ்ஸில கூட்டிக்கொண்டு போறன் எண்டா வேண்டாமாம், பைக்கெண்டாத்தான் நினைச்ச இடத்தில நிக்கலாமாம்.

என்னட்ட இருக்கிறது பழைய பல்சர் 150, காபரேட்டர். கண்டிக்கு மேல நான் ஓடினதே இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெளிக்கிட்டா விடியிறதுக்குள்ள மேல போய் பனியப் பாத்திடலாமெண்டு நினைக்கிறன். ரோட்டில ஐஸ் பிடிக்குமா? உடுப்பு என்ன எடுக்கிறது? அப்பாவுக்கு சீனி வருத்தமும் (நீரிழிவு) இருக்கு, அதுதான் யோசனை. திரும்பி வரேக்க தலவாக்கலையில மாமி வீட்டயும் போகவேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கந்தப்பளைக்காரன்:

தம்பி, மொதல்ல அந்த ராத்திரி பன்னெண்டு மணி பிளேன மாத்துங்க, கெஞ்சிக் கேக்குறேன். அந்தக் கணக்குல நீங்க ரம்பொடை ஏத்தத்துக்கு வர்றப்ப இருட்டு, குளிரு, தூக்கம் மூணும் ஒண்ணா வந்து பிடிக்கும். கம்பளை 500 மீட்டர் உசரம் கூட இல்ல, நூரளை (நுவரெலியாவ நாங்க இப்பிடித்தான் சொல்றது) 1868 மீட்டர், அறுபது கிலோமீட்டருக்குள்ள அம்புட்டையும் ஏறணும், பின்னால வயசான மனுசன் வேற. மொத நாள் காலையில கெளம்பி கண்டியில தங்குங்க. மறுநாள் வெயில் வந்த பொறகு ஏறி நூரளையிலயோ கந்தப்பளையிலயோ ரூம் எடுத்துப் படுங்க. பனிய விடியக்காலையில நடந்து போய் பாருங்க, பைக்க தொடவே வேணாம்.

ரெண்டு மூணு ராத்திரி கையில வச்சுக்கிட்டு வாங்க, ஏன்னா உறைபனி தினமும் விழாது. பகல்ல வெயிலடிச்சு, ராத்திரி வானத்துல ஒரு மேகம் இல்லாம, காத்தும் அசையாம இருந்தாத்தான் தரையில உள்ள சூடெல்லாம் மேல போயி நிலம் குளிரும். குளிர்ந்த காத்து பாரம், அது பள்ளத்தப் பார்த்துத்தான் எறங்கும். அதனால மேட்டுல இருக்குற லயத்துக்கிட்ட (தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு) ஒண்ணுமே இருக்காது, கீழ ஆத்தோரம் மரக்கறித் தோட்டத்துல வேட்டி விரிச்ச மாதிரி கெடக்கும். நூரளை ரேஸ்கோர்ஸ், அம்பேவெல, பட்டிப்பொல எல்லாத்துலயும் இதுதான். டீவியில 4 டிகிரின்னு சொல்றப்பவே புல்லு மட்டத்துல சைபருக்குக் கீழ போயிருக்கும், அவங்க அளக்குறது ஆள் உசரத்துல. மேகம் மூடியிருந்தா அன்னைக்கு பனி இல்ல, திரும்பப் படுத்துருங்க. தையில வடகீழ் பருவமழை மிச்சமும் இருக்கும், எங்க பக்கமும் இராகலை, வலப்பனை பக்கமும் நாள்கணக்குல தூறும்.

தார் ரோட்டுல ஐஸ் பிடிச்சு நான் பொறந்ததுல இருந்து கண்டதில்ல. வழுக்குறது வேற சாமான். டர்பன்டைன் மரத்து இலை நனைஞ்சு கெடக்கும், நெழல் பட்ட பக்கம் பாசி, மரக்கறி லொறியில இருந்து வடியுற சேத்துத் தண்ணி, முடக்குல சிந்துன டீசல். காலையில எட்டரைக்கு முந்தியும், பகல் ரெண்டு மணிக்குப் பொறகும் அந்த லபுக்கலை ரம்பொடை ரோட்டுல இருக்காதீங்க, பின்னேரம் மூடுபனி எறங்குனா முன்னால போற பஸ்ஸே தெரியாது.

இன்னொண்ணு சொல்லணும்னு தோணுது. அப்பாவுக்கு அந்த வெள்ளைதான் ஞாபகம் இருக்கும், சின்னப் புள்ள. எங்களுக்கு அது வேற மாதிரி. பனி விழுந்த தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகிப் போகும், உருளைக்கெழங்குச் செடி அவிச்ச கீரை மாதிரி தொங்கும், அந்த மாசம் வேலை நாளும் கொறையும். எங்கம்மா அந்தக் காலையில கம்பளியும் இடுப்புல கட்டுன படங்குமா கொழுந்து பறிக்கப் போயிட்டு வந்தா வெரல மடக்க முடியாம அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கும். இதை அப்பாகிட்ட பேசிப் பாருங்க, ஒங்க பாட்டியப் பத்தி அவருக்கும் ஞாபகம் வரும்.

கம்பளை கராஜ்:

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் வண்டிய மட்டும் சொல்றேன். காபரேட்டர் வண்டி மேல போகப் போக மூச்சு வாங்கும், அது கோளாறு இல்ல, அந்த உசரத்துல காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறத விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, பெற்றோல் அதே மாதிரி வருது காத்து காணாது, அதனால இழுக்காது. ரோட்டோரத்துல நின்னு காபரேட்டர் ஸ்குரூவ திருப்பாதீங்க, கீழ வந்ததும் தானா சரியாயிரும், கியர கொறைச்சு பொறுமையா ஏத்துங்க. காலையில செல்ஃப்ப அடிச்சு அடிச்சு பேட்டரிய கொல்லாம சோக்க போட்டு கிக் அடிங்க, எஞ்சின் பிடிச்சு சூடானதும் சோக்க தள்ளி விட்ருங்க.

டயர் காத்து பத்தி எல்லாரும் குழம்புவாங்க. வவுனியா சூட்டுல அடிச்ச காத்து நூரளைக் குளிர்ல மூணு பிஎஸ்ஐ கிட்ட எறங்கும், ஆனா மேல வெளிக்காத்தோட அழுத்தம் கம்மிங்கிறதால கேஜ் அதே மூணக் கூட்டிக் காட்டும், ரெண்டும் சரிக்கட்டிப் போயிரும். அதனால ரெண்டு பேருக்குரிய காத்த கீழயே சரியா அடிச்சுட்டு மேல போய் கை வைக்காதீங்க.

எறக்கத்துலதான் நான் பயப்படுறேன். பின் பிரேக் டிரம், அதையே மிதிச்சுக்கிட்டு எறங்குனா சூடேறி ஒரு கட்டத்துல பிடிக்காது. எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்குங்க, ரெண்டு மூணுதான். பெற்றோல் மிச்சம்னு நியூட்டர்ல விடாதீங்க. கெளம்புறதுக்கு முந்தி பின் பிரேக் ஷூ ரெண்டையும் பார்த்து மாத்திட்டு வாங்க. ரம்பொடை சுரங்கப்பாதை 225 மீட்டர்தான், ஆனா வெயில்ல இருந்து உள்ள நுழைஞ்சதும் கண்ணு கட்டும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா முன்னாடியே கழட்டிட்டு லைட்ட போட்டுக்குங்க.

லிந்துலை அக்கா:

தம்பி, நான் ஏழு வருசமா ஸ்கூட்டில லிந்துலையில இருந்து நூரளைக்கு வேலைக்குப் போறேன். குளிரு மொதல்ல பிடிக்கிறது வெரலத்தான். 5 டிகிரில 40 கிலோமீட்டர் வேகத்துல போனா காத்து பட்டு ஒடம்புக்கு சைபர் மாதிரி இருக்கும், பத்து நிமிசத்துல வெரல் மரத்துரும், பிரேக்க பிடிக்கணும்னு மூளை சொல்லும் கை லேட்டாத்தான் கேக்கும். உள்ள ஆஸ்பத்திரி ரப்பர் கிளவுஸ், மேல தோல் கிளவுஸ். நெஞ்சுக்கு ஜக்கெட்டுக்குள்ள பேப்பர மடிச்சு வச்சா காத்து ஏறாது, அதுக்கு மேல ரெயின்கோட்ட போடுங்க மழை இல்லாட்டியும். ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் தடவி காஞ்ச துணியால துடைச்சா மூச்சு பட்டு மங்காது. மூடுபனியில டிம் லைட்டுதான், பெரிய லைட்டு போட்டா வெள்ளைச் சுவருதான் தெரியும்.

அப்பாவத்தான் கவனிக்கணும். ஓட்டுற ஆளுக்கு கை காலு அசையுது, பின்னால சும்மா இருக்கிற ஆளுக்கு ரெண்டு மடங்கு குளிரும், தூக்கமும் வரும். அர மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி பிளேன்டீ குடிங்க. பேச்சு குடுத்துக்கிட்டே போங்க, பதில் கொழறுனா உடனே நிப்பாட்டணும். சீனி உள்ளவங்களுக்கு கால்ல உணர்ச்சி கம்மி, குளிரும் தெரியாது சூடும் தெரியாது. காலைக் கொண்டு போய் நேரா நெருப்புக்கிட்ட வைக்க விடாதீங்க, சுடுதண்ணியும் நீங்க கையால பார்த்துட்டுத்தான். வெறுங்கால்ல பனிய மிதிக்கிற ஆசையையும் விட்ரச் சொல்லுங்க, கோவிச்சாலும் பரவாயில்ல.

தலவாக்கலைக்கு எறங்குறப்ப நானுஓயாவுல ரதல்ல குறுக்குப் பாதையில மட்டும் போகாதீங்க. சரியான எறக்கம். 2023 ஜனவரியில பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேரு செத்தாங்க அந்த ரோட்டுல. சுத்திப் போற மெயின் ரோட்டுலயே போங்க.

வன்னிப்பொடியன்:

போயிட்டு வந்திட்டம். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, ராத்திரி வெளிக்கிடுற கதைய அடியோட விட்டிட்டன். கண்டியில தங்கி அடுத்த நாள் ஒன்பது மணிக்குத்தான் ஏறத் தொடங்கினது. சுரங்கப்பாதை தாண்டினாப்பிறகு அப்பா பின்னாலயிருந்து ஒவ்வொரு தோட்டத்துப் பேரா சொல்லிக்கொண்டு வந்தார், போர்ட் வர முந்தியே. மூண்டிடத்தில பேர் சரி, ஒரு இடத்தில அங்க பள்ளிக்கூடமே கட்டியிருக்கினம்.

முதல் நாள் விடிய முழுக்க மேகம், ஒண்டுமில்ல. ரெண்டாம் நாளும் இல்ல, தூறல். அப்பா வாயத் திறக்கேல்ல. மூண்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு வெளிய வந்து பாத்தா நட்சத்திரம் எண்டா அப்பிடி நட்சத்திரம், காத்தில்ல, அண்ணன் சொன்னது ஞாபகம் வந்திது. அஞ்சரைக்கு எழும்பி கீழ பள்ளத்துக்கு நடந்து போனா லீக்ஸ் பாத்தி முழுக்க வெள்ளை. சப்பாத்து கழட்ட விடேல்ல அக்கா, சண்டையே பிடிச்சார். பிறகு குந்தியிருந்து கையால வழிச்சு வழிச்சுப் பாத்துக்கொண்டே இருந்தார். பாட்டி இந்த நேரம் பெரட்டுக்குப் (காலம வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) போயிருக்கும் எண்டார், அவ்வளவுதான் கதைச்சவர்.

லயம் இருந்த இடத்தில இப்ப புதுக் கூரை, வேற ஆக்கள். தேத்தண்ணி தந்தவை.

ஒரு கேள்வி, தலவாக்கலைக்கு இறங்கேக்க பின் பிரேக்கில கருகின மணம் வந்தது. ரெண்டாம் கியரிலதான் வந்தனான், ஆனா பயத்தில மிதிச்சனான் போல. பார்க்க வேணுமோ?

கம்பளை கராஜ்:

வீல கழட்டிப் பாருங்க தம்பி. ஷூ மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குனா மாத்துங்க, மணல்தாள் போட்டு சமாளிக்க வேணாம், ரெண்டு பேரு போற வண்டி.