புதுப்பிப்பு: 1862 விக்டோரியா ரூபாய்கள்
பாட்டியின் பெட்டியில் இருந்த இரண்டு 1862 வெள்ளி ரூபாய்கள் அசலா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டிலும் காந்தம் ஒட்டவில்லை. ஆனால் பித்தளையிலும் ஒட்டாதே!

தராசில் வைத்ததும் தெரிந்துவிட்டது. ஒன்று 11.6 கிராம். அசல் எடை 11.66, தேய்மானம் இருக்கத்தானே செய்யும். மற்றது 9.8தான். லென்ஸில் பார்த்தால் விளிம்பு நெடுக வார்ப்புக் கோடு (உலோகத்தை உருக்கி வார்த்ததன் அடையாளம்; அசல் நாணயம் அச்சடித்தது), ராணியின் உடைப் பூவேலையில் ஊசிமுனைக் குழிகள். அது போலி, சந்தேகமே இல்லை.

முதல் நாணயத்தை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டும் நிறுத்தேன். அசலைப் போல 91.7 சதவீத வெள்ளி என்றால் தண்ணீரில் எடை சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும், சரியாக இருந்தது. ரொம்ப மகிழ்ச்சி!

அப்புறம், 1862 என்ற ஆண்டை 1874 வரை மாற்றாமலே அச்சடித்தார்கள். அதனால் அபூர்வம் என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். புளி போட்டும் தேய்த்துவிடாதீர்கள்.