குடியாத்தம் வீடு: குடும்பக் குழு

புதன்கிழமை, மாலை 6:38

தேவி: டாக்டர் இப்போதுதான் பார்த்துவிட்டுப் போனார். ஆயாவுக்குச் சனிக்கிழமை டிஸ்சார்ஜ். தையல் நன்றாக ஆறுகிறது. இன்று வாக்கர் பிடித்து வார்டு வாசல் வரை நடந்தது.

பாபு: அப்பாடா

சின்ன ஆயா: ரத்தினகிரி முருகன் காப்பாற்றினான்

சுமதி: எந்த வீட்டுக்கு?

ரவி: இது என்ன கேள்வி அக்கா. அம்மா வீட்டுக்குத்தான்.

சுமதி: அந்த வீட்டில் விழுந்துதான் இங்கே வந்தது.

கலா: அண்ணி, ராத்திரி எழுந்தால் என்னை எழுப்புங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அத்தை எழுப்புவதே இல்லை. நீ விடிந்தால் வேலைக்குப் போகிறவள், தூங்கு என்பார்கள். அன்றைக்கும் மூன்று மணிக்குத் தனியாகத்தான் தோட்டத்துக்குப் போனார்கள்.

சுமதி: உன்னைச் சொல்லவில்லை கலா. தோட்டத்துக் கக்கூஸைச் சொன்னேன். 2009இல் வீட்டை எடுத்துக் கட்டும்போதே உள்ளே ஒன்று வையுங்கள் என்று கேட்டேன்.

ரவி: கேட்டாய். பணம் யார் கொடுத்தது?

சுமதி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஏகாம்பரம்: இரண்டு பேரும் நிறுத்துங்கள். தேவி, டாக்டர் வேறு என்ன சொன்னார்? ஒன்று விடாமல் எழுது.

தேவி: இடுப்பு மூட்டில் பந்து எலும்பை மாற்றியிருப்பதால் தரையில் உட்காரக் கூடாது. குத்துக்காலிடக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. எதில் உட்கார்ந்தாலும் முட்டி இடுப்பை விட உயரப் போகக் கூடாது. கயிற்றுக் கட்டில் வேண்டாம், நடுவில் தொங்கும். இன்னொரு தடவை விழவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பாபு: கயிற்றுக் கட்டில் இல்லாமல் ஆயா தூங்குமா

சுமதி: எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமா? சத்துவாச்சாரியிலிருந்து ஆஸ்பத்திரியும் பக்கம்.

ரவி: இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை.

சுமதி: நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொள்ளலாம்

ரவி: ஏற்றிவிடலாம். அப்புறம்? ஒவ்வொரு செக்கப்புக்கும் நான்கு பேர் தூக்குவார்களா? காட்பாடியில் அண்ணா வீட்டுக் கீழ்ப் போர்ஷன் தரையோடு தரையாகத்தான் இருக்கிறது.

ஏகாம்பரம்: அதில் குடித்தனம் இருக்கிறது. மூன்று நாளில் எப்படி எழுப்புவது? குத்திக்காட்ட இது நேரமில்லை ரவி.

சின்ன ஆயா: அக்காவைக் கேட்டீர்களா

பாபு: சின்ன ஆயா டைப் பண்ணக் கற்றுக்கொண்டாச்சு!

சின்ன ஆயா: பேத்தி எழுதுகிறாள். நான் சொல்கிறேன். கேட்டீர்களா

தேவி: இப்போது கேட்டேன். "என் வீட்டுக்குப் போகிறேன். வைகாசி 1 திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு நம் தெருவில் வரும்போது நான் திண்ணையில் இருக்கணும்" என்கிறது.

கலா: சிரசுக்கு இன்னும் 24 நாள்தான்

ரவி: அப்போ முடிந்தது. குடியாத்தம்.

இரவு 8:15

ஏகாம்பரம்: பொறுமையாகப் படியுங்கள். தெருவிலிருந்து வாசலுக்கு மூன்று படி. ஒவ்வொன்றும் 7 அங்குலம், ஆக 21 அங்குலம். சக்கர நாற்காலியோ வாக்கரோ ஏற வேண்டுமென்றால் 1க்கு 12 கணக்கில் சாய்தளம் போட வேண்டும். அதாவது 1 அங்குலம் உயர 12 அங்குல நீளம். நம் வீட்டுக்கு 21 அடி. வாசலில் போட்டால் தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குள் போய்விடும். நிறைய பேர் இரண்டு மூன்று அடிக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் மேடை போட்டு அதைச் சாய்தளம் என்கிறார்கள். அது பைக் ஏற்றத்தான் ஆகும். வயதானவர் அதில் இறங்கினால் வழுக்கும்.

ரவி: அப்போ?

ஏகாம்பரம்: வீட்டுப் பக்கவாட்டுச் சந்து. 5 அடி அகலம், 30 அடி நீளம் இருக்கிறது. 21 அடி சாய்தளம், கூடத்துக் கதவுக்கு முன்னால் திரும்ப 5 அடிக்குச் சமதளம். இரண்டு பக்கமும் கைப்பிடி. தரையைப் பளபளவென்று பூசக் கூடாது, துடைப்பத்தால் கோடு இழுத்து விடணும்.

கலா: மாமா, சந்தில் தறி இருக்கிறது

சுமதி: அப்பா தறி இன்னும் அங்கேயா கிடக்கிறது? மழையிலா?

ரவி: தார்ப்பாய் போட்டிருக்கிறேன். கட்டை, சட்டம், விழுது எல்லாம் இருக்கிறது. யாருக்கும் விற்க மனசில்லை, எடுத்துப் போகவும் ஆளில்லை.

பாபு: அந்த லுங்கித் தறியா? நான் பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுவிட்டதே

சின்ன ஆயா: தறிக் குழியில் காலை விட்டு உங்கள் தாத்தா நெய்வார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தார்க் குச்சியில் நூல் சுற்றும். குழியை மூடியபோது அழுதது.

ஏகாம்பரம்: அந்தக் குழித்தறி இருந்த முன் அறைதான் அம்மாவுக்குச் சரி. அதன் மூலையில் கக்கூஸ் வைக்கலாம். செப்டிக் டேங்க் வரை 40 அடி. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடியில் 1 அடி வாட்டம் இருந்தால் போதும். வீடே 21 அங்குலம் உயரத்தில் நிற்பதால் வாட்டம் தாராளம். உட்காரும் உயரம் 18 அங்குலம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும். உள்ளே விழுந்துவிட்டால் ஆளே கதவுக்கு அடைப்பாகி யாரும் உள்ளே போக முடியாது.

தேவி: ஆயா விழும்போது துண்டு போடும் கம்பியைப் பிடித்ததாம். அது ஸ்க்ரூவோடு கையில் வந்துவிட்டது.

ஏகாம்பரம்: அதைத்தான் சொல்ல வந்தேன். துண்டுக் கம்பி துண்டுக்குத்தான். கைப்பிடி என்றால் ஒன்றேகால் அங்குல ஸ்டீல் குழாய், செங்கல் வரை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கணும். டைல்ஸில் மட்டும் திருகினால் நிற்காது. சுவருக்கும் குழாய்க்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பிறகு நான் என் முழுப் பளுவையும் போட்டுத் தொங்கிப் பார்ப்பேன்.

பாபு: அப்பா, மூச்சு விடுங்கள்

ஏகாம்பரம்: முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் ஊருக்கெல்லாம் கட்டினேன். பெற்றவள் ராத்திரி இரண்டு படி இறங்கி ஈரத்தில் நடந்து போகிறாளே என்று ஒரு நாள் நினைக்கவில்லை. பாகாயத்தில் மறுவாழ்வு நிலையத்தை 1966இல் தொடங்கிய மேரி வர்கீஸ் அம்மா, விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர்க்காரர்களுக்கு இதை யாராவது சொல்லித் தரணுமா? எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சுமதி: விடு அண்ணா

கலா: கதவெல்லாம் அளந்துவிட்டேன். கூடம் 34, சமையலறை 30, தோட்டத்துக் கதவு 27, பழைய கக்கூஸ் 24 அங்குலம்.

தேவி: வாக்கரே 25 இருக்கிறது அத்தை

கலா: அப்போ கக்கூஸ் கதவு குறுகல் என்று இத்தனை நாள் அத்தை சொன்னது சரிதான். தடியை வெளியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் பழக்கம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, காலை 7:02

சின்ன ஆயா: வாசல் நிலைப்படியை யாரும் அறுக்கக் கூடாது. மஞ்சள் குங்குமம் வைத்த நிலை.

ஏகாம்பரம்: அதைத் தொடவில்லை தொத்தா. சந்துக் கதவில்தான் வேலை.

தேவி: சந்து விஷயத்தை ஆயாவிடம் சொன்னேன். "என் வீட்டுக்குள் சந்து வழியாக நுழைய நான் என்ன திருடியா?" என்று கேட்கிறது.

ரவி: முடிந்தது போ

சுமதி: அது சொல்வதில் என்ன தப்பு

ஏகாம்பரம்: பிசியோ பெண்ணைக் கேள் தேவி. கைப்பிடி இருந்தால் படி ஏற முடியுமா?

தேவி: கேட்டேன். ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம், படி உயரம் 6 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறார். அதுவரை சாய்தளம்.

ஏகாம்பரம்: அப்போ வாசல் மூன்று படியை நான்காகப் பிரிக்கலாம். 21ஐ 4ஆல் வகுத்தால் ஐந்தேகால். இரண்டு பக்கமும் கைப்பிடி. சந்தும் இருக்கட்டும், வாசலும் இருக்கட்டும்.

ரவி: முன்பு ஐந்து படி இருந்தது. ரோட்டின் மேல் ரோடு போட்டு இரண்டு புதைந்துவிட்டது. ரோட்டை மறுபடி உயர்த்தினால் சாய்தளத்தின் அடியில் தண்ணீர் நிற்கும்.

ஏகாம்பரம்: பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இலேயே அரசு உத்தரவு இருக்கிறது. அடுத்த தடவை நானே வந்து தெருவில் நிற்கிறேன்.

பாபு: சித்தப்பா, கொத்தனார் யார்? அதே ஆளா, மாடிப்படியைக் கோணலாகக் கட்டினவரா?

ரவி: வேறு ஆள் பார்க்கிறேன். பலாப்பழம் ஒன்று வந்திருக்கிறது, யாருக்கு வேண்டும்?

சுமதி: எனக்குப் பாதி

கலா: செலவு எவ்வளவு ஆகும் மாமா

ஏகாம்பரம்: மூன்று பங்காகப் போட்டுக்கொள்ளலாம்

சுமதி: வீடு பிரிக்கிற பேச்சு வந்தபோது மட்டும் நான் கட்டிக் கொடுத்த பெண். செலவில் மூன்றாவது பங்கு. சரி, தருகிறேன். அம்மாவுக்காகத் தருகிறேன்.

ரவி: அக்கா, அதைச் சனிக்கிழமை நேரில் பேசலாம்

தேவி: சனிக்கிழமைக்குள் எதுவும் கட்டி முடியாதே. முதலில் என்ன?

ஏகாம்பரம்: உயரம் மாற்றக்கூடிய கமோடு நாற்காலி, ஆஸ்பத்திரி எதிர்க் கடையில் வாடகைக்குக் கேள். முன் அறையில் மரக் கட்டில். கட்டிலிலிருந்து நாற்காலி வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு. கால்மிதி, பாய் எல்லாவற்றையும் சுருட்டி மேலே போடுங்கள். அன்றைக்கு மட்டும் வாசலில் நாற்காலியோடு தூக்கிக்கொள்ளலாம். நான், ரவி, பாபு.

பாபு: நான் வெள்ளி ராத்திரி ஓசூரிலிருந்து கிளம்புகிறேன்

கலா: திண்ணையை அளந்தேன். உட்காரும் உயரம் 16 அங்குலம்தான்.

ஏகாம்பரம்: இரண்டு அங்குலம் குறைகிறது. அப்பா உட்கார்ந்து நெய்த தறிப் பலகை இரண்டு அங்குலக் கனம். அதைத் திண்ணையில் பதித்தால் அம்மா உட்கார வாகாக இருக்கும். சந்தில்தானே இருக்கிறது?

ரவி: பலகை இல்லை. தேடிவிட்டேன்.

சுமதி: யார் எடுத்தது?

பாபு: என் வீட்டில் டிவிக்கு அடியில் இருக்கிறது. ஆயாதான் கொடுத்தது.

ஏகாம்பரம்: வெள்ளிக்கிழமை வரும்போது எடுத்து வா

தேவி: ஆயாவிடம் சொல்லட்டுமா?

கலா: சொல்லாதே. வந்து பார்க்கட்டும்.