மூடிய ஆலைக் குடியிருப்பில் குரல்பதிவு: ஒப்புதல் படிவ மாதிரி தேவை

வணக்கம். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, ஆலை மூடப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில் வாய்மொழி வரலாறு பதியும் திட்டம் இது. கட்டடங்களை அளந்து வரைவதில் சிக்கலில்லை. தொழில்துறைப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளான 2011 டப்ளின் கோட்பாடுகள், தொழிலாளரின் திறனையும் நினைவையும் பாரம்பரியமாகவே எண்ணுகின்றன. அந்த நினைவைக் குரலாகப் பதியும்போதுதான் இடறுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, திட்டம் முடிந்ததும் குரல்பதிவை அழிக்கச் சொல்கிறது. மற்றதன் குழு நிரந்தரக் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது. ஒரே கையெழுத்தில் இரண்டையும் அடக்கினால், எதற்குச் சம்மதித்தோம் என்பது பேசியவருக்கே புரியாது.

குரல், எழுத்துப்படி, பெயர், படம், வரைபடத்தில் வீட்டைக் குறிப்பது என ஐந்துக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, பேசி முடித்தபின் மறுபடி கேட்டு டிக் செய்யும் படிவம் யாரிடமாவது உண்டா? குரல்பதிவு எந்த நாட்டு சர்வரில் இருக்கும் என்ற வரியும் படிவத்தில் இருந்தால் ரொம்ப உதவி.