ஸ்டீவ் புளூமரின் கோல் கணக்கை எப்படி எடைபோடுவது?

கேள்வி:
டெர்பி கவுண்டி, மிடில்ஸ்பரோ ஆகிய இரு அணிகளுக்காக 1892 முதல் 1914 வரை ஆடிய இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஸ்டீவ் புளூமர், லீக் ஆட்டங்களில் 352 கோல்களும் இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல்களும் அடித்திருக்கிறார். ஆயினும், பழைய கோல் வீரர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 1927-28 பருவத்தில் எவர்டனுக்காக 60 லீக் கோல்கள் அடித்த டிக்ஸி டீனின் பெயரே முதலில் வருகிறது. அக்காலத் தடுப்பாட்டம் பலவீனமாக இருந்ததால்தான் புளூமரால் இவ்வளவு கோல்கள் அடிக்க முடிந்தது என்பது சரியா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நண்பரே, இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முன்கள வீரர் எதிரணிக் கோலருகே காத்து நின்று பந்தைப் பெறுவதைத் தடுப்பதே ஆஃப்சைட் விதி. புளூமர் ஆடிய காலத்தில் அந்த விதிப்படி, பந்து முன்னோக்கி அனுப்பப்படும் நொடியில், அதைப் பெறும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும். ஆகவே, தடுப்பாளர்களுள் ஒருவர் சற்று முன்னேறி நின்றாலே முன்கள வீரர் ஆஃப்சைடில் சிக்கிக்கொள்வார். 1925இல் மூவர் என்பது இருவர் என மாற்றப்பட்ட பிறகு இங்கிலாந்து லீக்கில் கோல்கள் பெருகின. டீனின் 60 கோல்கள் அந்த மாற்றத்துக்குப் பின் வந்தவை. டீனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பழைய விதியின்கீழ் ஐந்து பருவங்களில் லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனின் கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தவரை, எளிதாக அடித்தவர் என்று சொல்வது நியாயமன்று. பந்தை நிறுத்திச் சரிசெய்து கொள்ளாமல், இரு கால்களாலும் வந்த வேகத்திலேயே தாழ்வாக அடிப்பது அவருடைய தனிச்சிறப்பு.

மறுமொழி 2:
லீக்கைப் பொறுத்தவரை முன்னவர் சொன்னதே என் கருத்தும். சர்வதேசக் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். புளூமரின் 23 ஆட்டங்களும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய அணிகளுக்கு எதிரானவை; 1896இல் கார்டிஃபில் வேல்ஸை 9-1 என வென்றபோது அவர் மட்டும் ஐந்து கோல்கள் அடித்தார். அவரை 29 கோல்களுடன் முந்திய இங்கிலாந்து வீரர் விவியன் வுட்வார்டின் கணக்கில் ஆஸ்திரியா, ஹங்கேரி போன்ற அணிகளுக்கு எதிரான கோல்களும் உண்டு. புளூமரின் மதிப்பை அறிய 1906ஐப் பார்த்தாலே போதும்: அவ்வாண்டு டெர்பி அவரை மிடில்ஸ்பரோவுக்கு விற்றது, அடுத்த பருவத்திலேயே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

மறுமொழி 3:
டீனின் பெயர் முந்துவதற்குக் கோப்பைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். டீன் லீக் பட்டமும், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையும் வென்றவர். புளூமரோ 1898இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடமும் 1899இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடமும் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் தோற்ற டெர்பி அணியில் இருந்தார். 1903 இறுதியாட்டத்தில் காயத்தால் ஆடவில்லை, அதில் டெர்பியைப் பரி அணி 6-0 என்று வென்றது. 1910இல் டெர்பிக்குத் திரும்பி, முப்பத்தெட்டு வயதில் 1911-12 இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்றதே வீரராக அவர் அடைந்த பெரிய வெற்றி. 1914இல் பயிற்சியாளராக ஜெர்மனிக்குச் சென்றவர், போர் மூண்டதால் பெர்லினுக்கு அருகிலுள்ள ரூலேபன் முகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் அவரிடம் பயிற்சி பெற்ற இரூன் நகரத்து ரியல் யூனியன் அணி, 1924இல் ரியல் மாட்ரிட்டை 1-0 என வென்று ஸ்பெயினின் மன்னர் கோப்பையைக் கைப்பற்றியது.