ஆன்ஸ்ட்ரதரில் துடுப்புப் பிடித்த கதை: உங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஸ்காட்லாந்தின் சின்ன ஊர்களுக்கு வேலைக்காக வரும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "இங்கே மனுஷங்களோட எப்படிப் பழகுறது?" பெரிய நகரம் என்றால் கோயில் உண்டு, தமிழ்ச் சங்கம் உண்டு. நாலாயிரம் பேர்கூட இல்லாத கடற்கரை ஊரில் என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் நடந்ததைச் சேர்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

நான் இருப்பது ஃபைஃப் பகுதியின் கிழக்குக் கரையில் உள்ள ஆன்ஸ்ட்ரதர். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'எய்ன்ஸ்டர்'. கணவருக்கு வேலை ஒன்பது மைல் தள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸில். முதல் இரண்டு குளிர்காலமும் நூலகம், கடை, வீடு என்றே போனது. டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அது வெறுப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. கூப்பிட்டால் நமக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று அவர்கள் தயங்குகிறார்கள். அவர்கள் கூப்பிடட்டும் என்று நாம் தயங்குகிறோம். அதற்குள் இரண்டு வருடம் போய்விடுகிறது.

மூன்றாம் வருடம் மே மாதம் ஒரு சாயங்காலம். துறைமுகச் சரிவில் ஐந்தாறு பேர் ஒரு மரப்படகைத் தள்ளுவண்டியில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சக்கரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. நான் நாகப்பட்டினத்துக்காரி. எங்கள் ஊரில் படகு மணலில் சிக்கினால் அந்த வழியாகப் போகிறவன் யாராக இருந்தாலும் தோள் கொடுப்பான். நானும் யோசிக்காமல் போய்ப் பிடித்தேன். படகு இறங்கியதும் ஓர் அம்மா, வயது எழுபது இருக்கும், என்னைப் பார்த்து, "வியாழக்கிழமை ஆறரை மணி. நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்புப் போட்டுக்கொண்டு வா" என்றார். அழைப்பு அவ்வளவுதான். வியாழக்கிழமை போனேன்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்த வகைப் படகின் பெயர் செயின்ட் எய்ல்ஸ் ஸ்கிஃப். 22 அடி நீளம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு, பின்னால் சுக்கான் பிடித்து வழி சொல்ல ஒருவர். எங்கள் ஊரில் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. 1969இல் திறந்தது. அது நிற்கும் இடத்தில் பழங்காலத்தில் இருந்த தேவாலயத்தின் பெயர்தான் இந்தப் படகுக்கு. ஃபேர் தீவின் பழைய படகுகளை முன்மாதிரியாக வைத்து இயன் ஒட்ரெட் என்ற படகு வடிவமைப்பாளரிடம் அருங்காட்சியகம் வரையச் சொன்னது. 2009இல் முதல் படகு உருவானது. வெட்டிய பலகைகள் தொகுப்பாக வரும். ஊர்க்காரர்களே ஒரு கொட்டகையில் கூடி, பல மாதம் ஒட்டி, இழைத்து, வண்ணம் பூசி முடிப்பார்கள். தச்சுவேலை தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் போதும், மற்றவர்கள் செய்துசெய்தே கற்றுக்கொள்வார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை, பிளம்பர், பள்ளிப் பையன் எல்லாரும் ஒரே பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கரையோரத்தில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு படகு வந்துவிட்டது. 2013இல் அல்லபூலில் உலகப் போட்டியே நடந்தது.

எங்கள் துறைமுகத்தில் வற்றம் வந்தால் தண்ணீர் வடிந்து சேறு தெரியும். படகு விடும் நேரத்தைக் கடல்தான் சொல்லும். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துத்தான் இப்போது சமையல் நேரமே முடிவாகிறது.

நாகையில் பிறந்தும் நான் படகில் ஏறியதே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் கரையோடு சரி. மீன் விற்கலாம், கருவாடு போடலாம், கடலுக்குப் போகக் கூடாது. இங்கே அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒரு முதியவரிடம் இதைச் சொன்னேன். "இங்கேயும் அதேதான் அம்மா" என்றார். பெண் படகில் கால் வைத்தால் மீன் கிடைக்காது என்று இந்தக் கரையிலும் நம்பினார்கள். கடலில் பன்றி என்ற சொல்லையே எடுக்க மாட்டார்களாம், பாதிரியார் என்ற சொல்லும் கூடாதாம். யாராவது வாய் தவறிச் சொன்னால் உடனே இரும்பைத் தொடுவார்களாம். ஆனால் ஹெரிங் மீன் சுத்தம் செய்யும் பெண்கள் மீன் கூட்டத்தின் பின்னாலேயே ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் யார்மத் வரை ஊர் ஊராகப் போய் வேலை செய்திருக்கிறார்கள். கத்தி கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிய அவர்களின் படம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். எங்கள் படகில் ஒரு நாள் நான்கு துடுப்பும் பெண்கள் கையில் இருந்தன. அன்று அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொரு சம்பவம். ஒரு சாயங்காலம் கிளம்பத் தயாராக இருந்தோம். எங்களில் ஒருவர் இடுப்பிலிருந்த பேஜர் அலறியது. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தெருவில் இன்னும் சிலர் ஓடிவந்தார்கள், ஒருவர் கடை ஏப்ரனோடு. கொஞ்ச நேரத்தில் டிராக்டர் உயிர்காப்புப் படகைத் தண்ணீருக்கு இழுத்துப்போனது. அதுவரை அதை அரசாங்கச் சேவை என்றே நினைத்திருந்தேன். இல்லை. இந்தப் படகுகளை நடத்துவது 1824இல் தொடங்கிய ஆர்என்எல்ஐ என்ற தொண்டு நிறுவனம். ஆன்ஸ்ட்ரதரில் 1865 முதல் அதன் நிலையம் இருக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள். நன்கொடையில்தான் நடக்கிறது. அன்றிலிருந்து தெருவில் யாராவது ஓடினால் நான் ஒதுங்கி வழிவிடுகிறேன்.

எல்லா இடமும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு குழுவுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. நேரில் போனபோது பேச்சு நின்றது. யாரும் நாற்காலி நகர்த்தவில்லை. நான் மறுபடி அங்கே போகவில்லை. அது வலித்தது, இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. உங்களுக்கும் அப்படி நடந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு கதவைத் தட்டுங்கள்.

அபர்டீன்ஷயரிலிருந்து ஒருவர்:

அக்கா, படிக்கும்போதே 2021 நவம்பர் 26 ராத்திரி கண்முன் வந்துவிட்டது. ஆர்வென் புயல். நாங்கள் டீ ஆற்றங்கரையில், அபாய்ன் பக்கம் இருக்கிறோம். இங்கே வழக்கமாகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், மரங்கள் அதற்கேற்ப வேர்விட்டிருக்கும். அன்று வடக்கிலிருந்து அடித்தது. காடு காடாகச் சாய்ந்து மின்கம்பிமேல் விழுந்தது. எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. எண்ணெய் பாய்லர் இருந்தும் பிரயோஜனமில்லை, அதை ஓட்டவும் கரண்ட் வேண்டுமே. செல்போன் கோபுரங்களும் போய்விட்டன. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய வயர் ஃபோன் மட்டும் வேலை செய்தது.

ஊர் மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஃபோன் சார்ஜ் போடத்தான் போனேன். ஓர் அம்மா கையில் அட்டை வைத்துக்கொண்டு, "கார் இருக்கிறதா? விறகு தூக்குவாயா?" என்று மட்டும் கேட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வீடு வீடாகச் சூப்பும் விறகும் கொண்டுபோனேன். மூன்று வருடமாக ஒரே சந்தில் இருந்தும் நான் பேசியிராத தாத்தாக்கள், பாட்டிகள். ஒருவர் தன் விறகடுப்பு அறையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நால்வரைப் படுக்க வைத்திருந்தார்.

இப்போது அந்த அவசரகாலக் குழுவில் நானும் ஒருவன். மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்போம். யார் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருக்கிறது, யாரிடம் யார் வீட்டுச் சாவி இருக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிப்போம். எல்லாரும் செய்ய வேண்டியது ஒன்று: மின் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் சேருங்கள். இலவசம். முதியவர் இருந்தாலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலும் பதியலாம். கரண்ட் போனால் 105 என்ற எண்ணை அழையுங்கள்.

பீபிள்ஸிலிருந்து ஒருவர்:

எனக்குப் படகும் தெரியாது, புயலும் தெரியாது. கைக்குழந்தையோடு நூலகத்தில் நடக்கும் புக்பக் கூட்டத்துக்குப் போனேன். அரை மணி நேரம் பாட்டும் கதையும், காசு கிடையாது. ஸ்காட்லாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் புக்பக் புத்தகப் பை இலவசமாக வருமே, அதைத் தந்த சுகாதாரச் செவிலியர்தான் போகச் சொன்னார். நான்காவது வாரம், "உங்கள் மொழியில் ஒரு தாலாட்டுப் பாடுவீர்களா?" என்றார்கள். எங்கள் ஆச்சி பாடியதைப் பாடினேன். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் ஆராரோ சொன்னார்கள். பிரசவத்துக்குப் பிறகு நான் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது வேறு ஒரு குழந்தைகள் குழுவில் உதவுகிறேன். அதற்கு பிவிஜி என்ற பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் அக்கா. அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார். சும்மா உட்கார மாட்டார். அவர் எங்காவது உதவி செய்யலாமா?

ஆன்ஸ்ட்ரதரிலிருந்து மீண்டும்:

செய்யலாம்மா. விசிட்டராக வருகிறவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வ உதவி செய்யலாம். ஸ்காட்லாந்தில் பதிவு எண் எஸ்சி என்று தொடங்கும், அதைப் பார்த்துக்கொள். சம்பளம் எந்த வடிவிலும் வாங்கக் கூடாது. தேவாலய மண்டபத்தில் காபி மார்னிங் நடந்தால் கூட்டிப்போ. பாத்திரம் கழுவும் இடத்துக்கு எப்போதும் ஆள் தேவை, அங்கே ஆங்கிலம் நிறைய வேண்டாம். பலகாரம் செய்து கொண்டுபோனால் முந்திரி, பால், கோதுமை என்று என்னென்ன இருக்கிறது என ஒரு அட்டையில் எழுதி வை. நான் முதல் தடவை எழுதாமல் போனதால் கேசரித் தட்டை மேஜையில் வைக்க விடவில்லை. அடுத்த மாதம் எழுதிக் கொண்டுபோனேன், பதினொரு மணிக்கே காலி.

அபாய்ன் தம்பி, அந்த 105 விஷயத்தை எங்கள் படகுக் குழுவிலும் சொல்கிறேன். இங்கே தனியாக இருக்கும் வயதானவர்கள் நிறைய. நாளை ஏற்றம் ஏழு மணிக்கு. போய்விட்டு வந்து மற்றவர்கள் எழுதியதைப் படிக்கிறேன்.