நார்க்கழிவில் வளர்த்த சிப்பிக்காளான்: லாக்கேஸ் அளக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தென்னை நார்க்கழிவில் சிப்பிக்காளான் வளர்த்து, அதன் இழைகள் வெளியே சுரக்கும் லாக்கேஸ் நொதியை அளந்து வருகிறேன். நார்க்கழிவில் லிக்னின் (செடிகளுக்கு விறைப்பு தரும் கடினமான பொருள்) அதிகம், அதனால் குவித்துப் போட்டால் லேசில் மக்காது. லிக்னினை உடைக்கும் இந்த நொதிகளுக்காகத்தான் அதை உரமாக்க இந்தக் காளானைப் பயன்படுத்துகிறார்கள்.

வளர்ச்சியில் குறையே இல்லை. வெள்ளை இழை பை முழுக்கப் படர்ந்து, கட்டியைக் கையில் எடுத்தால் உதிராமல் நிற்கிறது. சிக்கல் சாறு எடுக்கும்போதுதான். சிட்ரேட் பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) ஊறவைத்து, வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகும் சாறு வரக்காப்பி நிறத்தில் இருக்கிறது. லாக்கேஸ் பட்டால் பச்சையாகும் ஏபிடிஎஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, 420 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால், வினை தொடங்கும் முன்பே அளவு எகிறிவிடுகிறது. கொதிக்கவைத்து நொதி செயலிழந்த சாற்றை பிளாங்காக (ஒப்பீட்டு மாதிரியாக) வைத்து நிறத்தைக் கழித்துவிடலாம், சரி. ஆனால் சாற்றிலுள்ள ஃபீனால்கள், ஏபிடிஎஸ்ஸில் உருவாகும் பச்சை நிறத்தையே திரும்ப அழிக்கக்கூடியவை. அதனால் கிடைக்கும் எண்ணை நம்ப மனம் வரவில்லை.

நொதியை அமோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கி டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்தால் நிறம் போகுமா, நொதியோடு ஒட்டிக்கொண்டே வருமா? ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூள் போட்டுப் பார்த்தவர்களுக்கு நொதி எவ்வளவு வீணானது? நார்க்கழிவை முதலிலேயே வெந்நீரில் அலசச் சொல்கிறார்கள். லாக்கேஸ் சுரப்பைத் தூண்டுவதும் ஃபீனால்கள்தான் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

வைக்கோல், கோதுமைத் தவிட்டில் செய்தவர்களும் சொல்லுங்கள். நார்க்கழிவிலேயே செய்தவர்கள் இருந்தால், பஃபரின் அளவு, பிஎச் எல்லாம் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.