அம்மா வீட்டுக் குரூப்

வெள்ளி, இரவு 10:42

நான்: முழிச்சிருக்கீங்களா யாராச்சும்?

நான்: 📷 துணி ஊறவைக்கிறப்ப சின்னவன் ஸ்கூல் பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. குட்டி டீ பேக் மாதிரி இருக்கு, புதினா வாசம். சூயிங்கம்மா?

தம்பி: அக்கா, அது கூல் லிப். புகையிலை. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கிக்குவானுங்க. புகையும் வராது, முன் பெஞ்சுல உக்காந்தாலும் வாத்தியாருக்குத் தெரியாது.

நான்: ஐயோ. பத்தாவதுடா அவன்.

அண்ணன்: பெல்ட்டை எடு. நாலு சாத்து சாத்துனா சரியாப்போகும்.

மதினி: ஏங்க, திருவிழாவுக்குப் போனப்ப சிகரெட் வாங்கிட்டு வாடான்னு அவனைக் கடைக்கு அனுப்புனது யாரு? மிச்சச் சில்லறைய நீயே வெச்சுக்கன்னு வேற சொன்னீங்க.

அண்ணன்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியக்கா: இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன். ராத்திரியில எழுப்பிக் கேக்காத. அடிக்கவும் செய்யாத, அடிச்சா வேற எடத்துல ஒளிச்சு வைப்பான், அவ்ளோதான். எத்தனை நாளா, ஒரு நாளைக்கு எத்தனை, யாரு குடுத்தா. இத மட்டும் கேளு. உதட்டு உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாரு, வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

நான்: ரெண்டு மாசமா ரசம் எரியுதுன்னு தயிர்சோறுதான் தின்னான். நான் வயித்துப்புண்ணுன்னு மணத்தக்காளி வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

சனி, மாலை 6:15

நான்: கேட்டேன்க்கா. முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, மூஞ்சியப் பாக்காம. ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அவனே ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பிச்சான். கபடி டீம்ல பெரிய பையன் ஒருத்தன் குடுத்தானாம். முதல் நாள் தலை சுத்தி வாந்தி. இப்ப தினம் நாலு.

பெரியக்கா: எண்ணிக்கை சொன்னானே, அதுவே பெருசு. நிறுத்துனா மூணு நாலு நாள் எரிஞ்சு விழுவான், தூக்கம் வராது, தலைவலிம்பான். திமிருன்னு நெனைக்காத, நிகோட்டின் கேக்குது. ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா குறையும். 1800-11-2356, புகையிலைய விடுறதுக்கான இலவச நம்பர். சிகரெட் அட்டையிலயே போட்டிருக்கும். அண்ணன் சட்டைப் பையில பாரு 😏

தம்பி: கடைக்காரனை விடக்கூடாதுக்கா. 18 வயசுக்குக் கீழ விக்கக்கூடாது, ஸ்கூல்லருந்து 100 கெஜத்துக்குள்ள விக்கவே கூடாது. புள்ளைங்களுக்குப் புகையிலை குடுத்தா சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவுல 7 வருஷம் வரைக்கும் ஜெயில். 2024ல மதுரை ஹைகோர்ட்டே இந்தக் கூல் லிப்பை நாடு முழுக்க ஏன் தடை பண்ணக்கூடாதுன்னு கேட்டுச்சு.

நான்: எந்தக் கடைன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்.

பெரியக்கா: இப்பவே நோண்டாத. அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டியா?

நான்: கத்துவாரேன்னு பயமா இருக்கு.

பெரியக்கா: சொல்லிடு. நீ மறைச்சேன்னு பின்னாடி தெரிஞ்சா அந்தக் கோவமும் அவன் மேலதான் விழும். பையன் இல்லாதப்ப சொல்லு, கத்துறதெல்லாம் உன்கிட்ட கத்தட்டும்.

அண்ணன்: அந்த நம்பர்ல எத்தனை மணிக்கு எடுப்பாங்க?

பெரியக்கா: பகல்ல போடு. யாருக்கு, உனக்கா?

அண்ணன்: பையனுக்குத்தான்.

மதினி: 😂😂